எட்டே காலில் நின்றுபோன பாட்டு: ‘எனோலா கே’ கேள்வி பதில்

‘எனோலா கே’ 1980-ல் வந்த பிரிட்டிஷ் சிந்த்-பாப் பாட்டு, அதாவது சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்துப் போட்ட பாப் பாட்டு. பாடியது ஆர்கெஸ்ட்ரல் மனூவர்ஸ் இன் தி டார்க் என்ற குழு, சுருக்கமாக ஓஎம்டி. இந்தப் பாட்டைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: எனோலா கே யார்? இத்தனை நாளும் ஒரு பெண்ணை நினைத்துப் பாடிய காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

ப: அது ஒரு விமானம். 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமா மீது அணுகுண்டு போட்ட அமெரிக்க பி-29 ரகக் குண்டுவீச்சு விமானம். ஆனால் பெயர் ஒரு பெண்ணுடையதுதான். விமானத்தை ஓட்டிய கர்னல் பால் டிபெட்ஸ், முந்தின நாள் தன் அம்மாவின் பெயரை அதன் மூக்கில் எழுதச் சொன்னார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு விமானியாகப் போகிறேன் என்று அவர் சொன்ன காலத்தில் அம்மாதான் தைரியம் கொடுத்தார். அந்த நன்றியில் வைத்த பெயர். வழக்கமாக அதே விமானத்தை ஓட்டிவந்த ராபர்ட் லூயிஸுக்கு இது பிடிக்கவில்லை. அன்று அவர் துணை விமானியாகப் போனார்.

காதல் பாட்டு என்று தோன்றியதில் தவறில்லை. பாடகர் விமானத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறார், நேற்று நீ வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும் என்று குறைபட்டுக்கொள்கிறார், நீ தரும் முத்தம் என்றைக்கும் மறையாது என்கிறார். மனம் நொந்த காதலன் பேசுகிற மாதிரியே இருக்கும். வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டது.

கே: எட்டே கால் மணி, எப்போதும் அதே நேரம்தான் என்று ஒரு வரி வருகிறதே, என்ன அர்த்தம்?

ப: என்னைப் பொறுத்தவரை பாட்டின் உயிரே அந்த வரிதான். ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தது காலை 8:15. வெடிப்பில் பல கடிகாரங்கள் அந்த நேரத்திலேயே நின்றுபோயின. அப்படி நின்ற கைக்கடிகாரம் ஒன்று அங்குள்ள அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்கு இன்றைக்கும் எட்டே கால்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விமானம் கிளம்பியது பசிபிக் பெருங்கடலில் உள்ள டினியன் தீவிலிருந்து. அங்கே நேரம் ஜப்பானைவிட ஒரு மணி முன்னால். விமானத்தில் இருந்தவர்களின் கணக்கில் குண்டு விழுந்தது 9:15-க்கு. பாட்டு முழுக்க விமானத்தோடுதான் பேசுகிறது, ஆனால் அது பார்ப்பது கீழே இருந்த ஊரின் கடிகாரத்தை. யார் பக்கம் நின்று பாடுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

கே: வானொலியில் செய்தி வந்தது, எல்லாம் சாதாரணம், வீடு திரும்புகிறாய் என்பது கற்பனையா?

ப: இல்லை. குண்டைத் தயார்நிலைக்குக் கொண்டுவந்த கடற்படை அதிகாரி வில்லியம் பார்சன்ஸ், வேலை முடிந்ததும் விமானத்திலிருந்து சங்கேதச் செய்தி அனுப்பினார். தெளிவான வெற்றி, கண்ணுக்குத் தெரிந்த விளைவு நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையைவிடப் பெரிது, விமானத்தில் நிலைமை சாதாரணம் என்பது அதன் சாரம். நிலைமை சாதாரணம்! விமானத்துக்குள் அப்படித்தான் இருந்தது. கீழே அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். பாட்டை எழுதிய ஆண்டி மெக்ளஸ்கி இதற்குத் தன் பங்கில் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. அந்தச் செய்தியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

‘லிட்டில் பாய்’ பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அது குண்டுக்கு வைத்த பெயர். அம்மாவுக்கு இன்று அந்தச் சின்னப் பையனை நினைத்துப் பெருமையா என்று பாட்டு கேட்கிறது. அம்மா என்றால் விமானமும்தான், டிபெட்ஸின் தாயும்தான். பையன் என்றால் குண்டும்தான், மகனும்தான்.

கே: இவ்வளவு கொடுமையான விஷயத்துக்கு ஏன் இத்தனை துள்ளலான மெட்டு? இதற்கு ஆடுவது சரியா அண்ணா?

ப: தாராளமாக ஆடுங்கள் தம்பி. சோகமான மெட்டு போட்டிருந்தால் என்ன உணர வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிக் கொடுத்திருக்கும், நாமும் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். இங்கே மெட்டு முதலில் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. வரிகள் மெதுவாகத்தான் உறைக்கின்றன. அன்று காலை ஹிரோஷிமாவில் வானம் தெளிவாக இருந்தது, மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். இந்த வெளிச்சமான இசை அந்தக் காலை வேளைக்குப் பொருத்தமானது.

அமைப்பிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. வாய்விட்டுப் பாடுகிற பல்லவியே இதில் கிடையாது. பல்லவி வர வேண்டிய இடத்தில் சிந்தசைசர் மெட்டு வருகிறது. அடியில் ஒரே நான்கு சுரக்கூட்டுகள் (chords) தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் சுற்றுகின்றன. 1950-களின் அமெரிக்கக் காதல் பாட்டுகளில் வந்துகொண்டே இருந்த அதே வரிசை. காதல் பாட்டு என்று காது ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கே: இது போர் எதிர்ப்புப் பாட்டா? எழுதியவர் என்ன சொன்னார்?

ப: மெக்ளஸ்கிக்கு இரண்டாம் உலகப் போர் விமானங்கள் மேல் தீராத ஆர்வம். அங்கிருந்து பிறந்ததுதான் பாட்டு, இயக்கத்துக்காக எழுதிய முழக்கம் இல்லை. பாட்டு வெளியானபோது அவருக்கு வயது 21.

ஆனால் வெளியான நேரம் அதற்கு வேறொரு கனத்தைக் கொடுத்தது. அணுகுண்டு சுமக்கும் அமெரிக்காவின் குரூஸ் ஏவுகணைகளைப் பிரிட்டனில் நிறுத்த தாட்சர் அரசு சம்மதித்திருந்தது. கிரீன்ஹாம் காமன், மோல்ஸ்வொர்த் என்று இடங்களும் 1980 ஜூனில் அறிவிக்கப்பட்டன. அணுகுண்டு விழுந்தால் வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து மறைவிடம் கட்டிக்கொள்ளுங்கள் என்று விளக்கும் அரசுக் கையேடு அதே ஆண்டு விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் கடைசியில் இந்தப் பாட்டு. அதைக் கேட்டவர்களுக்கு ஹிரோஷிமா வெறும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது. அந்தக் காதுகளோடு கேட்டால் இது போர் எதிர்ப்புப் பாட்டுதான் என்பது என் முடிவு.

கே: எந்தக் கீபோர்டு சார் அது? அந்த மெல்லிய மெட்டுச் சத்தம்?

ப: கோர்க் மைக்ரோ-ப்ரீசெட். விலை மலிவான சின்னக் கருவி, தயாராக வைத்திருக்கும் சில ஒலிகளை மட்டும் தரும். மெக்ளஸ்கியும் குழுவில் அவருடைய கூட்டாளி பால் ஹம்ஃப்ரீஸும் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள விர்ரல் (Wirral) பகுதிப் பையன்கள், கையில் காசு கிடையாது. மெக்ளஸ்கியின் அம்மா வைத்திருந்த அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலைப் பார்த்து வாரத் தவணையில் வாங்கினார்கள். 1975-ல் லிவர்பூல் எம்பயர் அரங்கில் கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் மின்னணு இசைக் குழுவின் கச்சேரியைக் கேட்டதிலிருந்தே மெக்ளஸ்கிக்கு மின்னணு இசைப் பித்து. அந்த ஜெர்மன்காரர்கள் மாதிரி விலையுயர்ந்த கருவிகள் இல்லாததால்தான் இவர்கள் மெட்டையே முழுசாக நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கே: பெரிய ஹிட்டா?

ப: பிரிட்டனில் 8-வது இடம், இத்தாலியில் முதலிடம். அமெரிக்காவில் ஓஎம்டியைப் பலருக்குத் தெரிந்தது 1986-ல் வந்த ‘இஃப் யூ லீவ்’ மூலம்தான்.

கே: அந்த விமானம் இப்போது இருக்கிறதா?

ப: இருக்கிறது. வர்ஜீனியாவில் ஷாண்டிலி என்ற ஊரில், ஸ்மித்சோனியனின் விமான அருங்காட்சியகக் கிளையில் 2003 முதல் முழு உருவில் நிற்கிறது. அதற்கு முன்னால் 1995-ல் வாஷிங்டனில் அதன் முன்பகுதியைக் காட்சிக்கு வைத்தார்கள். ஹிரோஷிமாவில் நடந்ததை எவ்வளவு விளக்குவது என்பதில் முன்னாள் போர்வீரர்களுக்கும் வரலாற்று ஆய்வாளர்களுக்கும் பெரிய சண்டை மூண்டு, முதலில் திட்டமிட்ட கண்காட்சியையே கைவிட வேண்டியதாயிற்று. மூன்றரை நிமிடப் பாட்டு கேட்ட கேள்வியை ஒரு அருங்காட்சியகத்தால் கேட்க முடியாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கே: பிடித்துப்போய்விட்டது. அடுத்து எதைக் கேட்கலாம்?

ப: 1981-ல் வந்த ‘ஆர்க்கிடெக்சர் அண்ட் மொராலிட்டி’ ஆல்பம். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றியே அதில் இரண்டு பாட்டுகள் உண்டு, அவற்றில் ‘மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்’ ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. அப்புறம் 1983-ன் ‘டாஸில் ஷிப்ஸ்’. சிற்றலை வானொலிப் பதிவுகள், பேசும் பொம்மையின் குரல் எல்லாம் கலந்தது. வெளியானபோது சரியாக விற்கவில்லை. முதல் தடவை குழப்பமாக இருக்கும், ஹெட்ஃபோன் போட்டு இரண்டாம் தடவையும் கேளுங்கள்.