கடுகளவு போதாதா?

கேள்வி: என் அண்ணன் புற்றுநோயில் 7 மாதம் படுத்திருந்து இறந்துபோனார். வயது 42. எங்கள் ஜெபக்குழு வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து ஜெபித்தது. ஆஸ்பத்திரியில் ராத்திரித் துணைக்கும் குழுவில் உள்ளவர்கள்தான் முறை வைத்து வந்தார்கள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், குழுவை நடத்துகிற அம்மா வந்து, "உங்க வீட்ல யாருக்கோ விசுவாசம் பத்தலை" என்று என் மதினி முன்னாலேயே சொன்னார். மதினி அதிலிருந்து கோயிலுக்கு வருவதில்லை. நானும் நின்றுவிட்டேன். கடவுள் கேட்கவில்லையா, நாங்கள் கேட்ட விதம் சரியில்லையா?
(பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை)

பதில்: முதலில் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவோம். கடுகளவு விசுவாசம் இருந்தால் போதும், மலையே பெயர்ந்து போகும் என்றார் இயேசு. போதும் என்று அவர் சொல்லியிருக்க, போதவில்லை என்று அளந்து சொல்ல இந்த அம்மாவுக்கு யார் படி கொடுத்தது? துஷ்டி வீட்டுக்கு வந்து வாயை அடக்கத் தெரியாதவர்கள் வேதத்திலும் உண்டு. பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த யோபைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதர்கள் 7 நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து ஊருக்குப் போயிருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பார்கள். எட்டாம் நாளுக்குமேல் பேச ஆரம்பித்தார்கள், உன்னிடம் ஏதோ தப்பு இருக்கிறது என்று. கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது யோபு மேல் அல்ல, அவர்கள் மேல்தான். அந்த அம்மா யோபு புத்தகத்தை முதல் இரண்டு அதிகாரத்தோடு மூடிவைத்துவிட்டார் போலிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் சீஷர் பேதுரு சிறையிலிருந்து தப்பிய கதை என்று எல்லாருக்கும் தெரியும். 16 போர்ச்சேவகர் காவல், இரண்டு சங்கிலி, ராத்திரியில் தூதன் வந்து தட்டி எழுப்புகிறான், இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. சபையார் ஊக்கமாக ஜெபித்தார்கள், அதனால் நடந்தது என்று பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை யாரும் நிறுத்தி வாசிப்பதில்லை. யோவானின் சகோதரனும் இன்னொரு சீஷருமான யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால் வெட்டிக் கொன்றான். ஒரே வரி. அவ்வளவுதான்.

அதே சபை, அதே ஏரோது. யாக்கோபுக்கு மட்டும் அரைமனதாக ஜெபித்திருப்பார்களா? யாக்கோபு ஏன் போனார், பேதுரு ஏன் பிழைத்தார் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு காரணமும் எழுதவில்லை. அவர் எழுதாததை நாம் எழுதப் போனால் அந்த அம்மா மாதிரிதான் ஆகும்.

அந்த அதிகாரத்தில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. விடுதலையான பேதுரு, மாற்கின் தாயார் மரியாள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதே என்ற வேலைக்காரப் பெண் குரலைக் கேட்டே கண்டுகொள்கிறாள். சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே அவருக்காக உருகி ஜெபித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சொன்னது என்ன? "நீ பிதற்றுகிறாய்." இதுதான் பதில் வாங்கிய சபையின் விசுவாசம்! அளந்து பார்த்துத்தான் கொடுப்பார் என்றால், அன்றைக்குப் பேதுரு சிறையிலேயே கிடந்திருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் சின்னப் பிள்ளையாக அயர்லாந்தில் இருந்தபோது, நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்த கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். பின்னால் இங்கே வந்து சேலை கட்டி நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது என்று முடிப்பார்கள். நல்ல கதைதான். ஆனால் அதே அம்மா 1931-இல் ஒரு குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். 1951 ஜனவரியில் சாகும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் கட்டிலோடு கிடந்தார். அவரை அம்மா என்று கூப்பிட்ட அத்தனை பிள்ளைகளும் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? படுக்கையில் இருந்தே புத்தகங்கள் எழுதினாரே என்று இதற்கும் ஒரு ஈடு சொல்வார்கள். எழுதினார், உண்மை. அதற்காக வலி வலி இல்லாமல் போய்விடுமா? அவரிடம் போய் விசுவாசம் பத்தலை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். ராத்திரித் துணைக்கு முறை வைத்து வந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கொசுக்கடியில் படுத்தவர்கள் யார் யார்? அவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியும். அதுதான் கடவுளின் பதில் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் கேட்டது அண்ணனின் உயிரை, அது கிடைக்கவில்லை. எத்தனை பேர் துணைக்குப் படுத்தாலும் அந்த 'இல்லை' மாறிவிடாது. ஆனால் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக, அந்தப் பாயில் படுத்தவர்களையும் சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அது நியாயமா? குழு என்பது அந்த அம்மா மட்டுமா?

வெள்ளிக்கிழமை போக வேண்டாம். மதினியையும் இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். அவர் கோபம் நியாயமான கோபம், 88-ஆம் சங்கீதம் அவருக்காகவே எழுதினதுபோல் இருக்கும், கடைசி வரியிலும் அதில் இருட்டுத்தான். துணைக்குப் படுத்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். ஜெபம்கூட வேண்டாம், அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். அவர்களுக்கும் பேச ஆள் இருந்திருக்காது.

அப்புறம், எங்கள் பங்குக்கும் ஒரு தப்பு இருக்கிறது. கோயிலில் சாட்சி நேரத்தில் மைக் கிடைப்பது பதில் கிடைத்தவர்களுக்குத்தான். கிடைக்காதவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். நம் பத்திரிகையின் சாட்சிப் பக்கமும் அப்படித்தான். சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது, வரன் அமைந்தது. கிடைக்காத ஒருவர் கடிதத்தையும் நான் அதில் போட்டதில்லை. அண்ணனின் அந்த 7 மாதத்தைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்புங்கள். வெட்டாமல் அந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.