ரோட்டுக்கும் சாக்கடைக்கும் வீட்டுக்கு 60,000 கேட்கிறார்கள், எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில், நகராட்சி எல்லைக்குள் இருக்கிறது எங்கள் நகர். மொத்தம் 42 மனை, அதில் 11 இன்னும் காலி. மழை வந்தால் தெரு முழுக்கச் சேறு, செப்டிக் டேங்குக்கு லாரி கூப்பிட்டு மாளவில்லை. சிமென்ட் ரோடும் பாதாள சாக்கடையும் நாமே போடலாம் என்று நலச்சங்கத்தில் முடிவு செய்து, வீட்டுக்கு 60,000 ரூபாய் ரொக்கமாகக் கேட்கிறார்கள். காலி மனைக்காரர்கள் "நாங்கள்தான் அங்கே குடியில்லையே" என்று ஒதுங்கிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, பென்ஷன் 28,000. 2 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. அதை உடைக்கவா, நகையை வைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா, இப்போதைக்கு. ரோடு வரட்டும், நீங்களும் உங்கள் பங்கைக் கொடுங்கள், ஆனால் இந்தத் தொகையை, இந்த முறையில் கொடுக்காதீர்கள்.

முதலில் சாக்கடை. சங்கம் பதிக்கப்போகும் குழாய் எங்கே போய்ச் சேரும் என்று கேளுங்கள். நகராட்சியின் மெயின் லைனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இல்லாமல் தெருவில் மட்டும் குழாய் பதித்தால் அது பக்கத்து ஏரியிலோ காலி மனையிலோதான் போய் விழும். ஆலந்தூரில் 1990களின் கடைசியில், ஆர்.எஸ்.பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் டெபாசிட் வாங்கித்தான் பாதாள சாக்கடை கொண்டுவந்தார்கள், மக்களும் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பணம் நகராட்சிக்குப் போனது, மெயின் லைனிலிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரை எல்லாம் சேர்ந்த ஒரே திட்டத்துக்குப் போனது. உங்கள் பகுதிக்கு அப்படி ஒரு திட்டம் வருகிறதா என்று நகராட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வருகிறது என்றால் டெபாசிட்டை நகராட்சியில் நேரடியாகக் கட்டி ரசீது வாங்குங்கள், தவணையில் கட்டலாமா என்றும் கேளுங்கள். முக்கியமாக, குழாய் வருவதற்கு முன்னால் சிமென்ட் ரோடு போட்டுவிடாதீர்கள். புது ரோட்டை வெட்டிக் குழாய் பதித்துவிட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போனால், அந்த ரோட்டுக்குக் கொடுத்த பணம் அத்தனையும் வீண்.

அடுத்து ரோடு. "நமக்கு நாமே" திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடுகிறது. உங்கள் சங்கம் இதற்கு மனு கொடுத்ததா? கணக்கைப் பாருங்கள். 31 வீட்டில் 60,000 வாங்கினால் 18.6 லட்சம். அதில் ரோட்டுக்கு மட்டும் 12.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு 4.2 லட்சம், 42 மனைக்கும் பிரித்தால் தலைக்கு 10,000 ரூபாய்தான்! ஆனால் தெரு நகராட்சி பெயரில் இருக்க வேண்டும். லே-அவுட் போட்டவர் ரோட்டுக்கான இடத்தைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தாரா என்று பாருங்கள், பல நகர்களில் வேலை நிற்பதே இந்த ஒரு காகிதத்தால்தான்.

காலி மனைக்காரர்கள் பேச்சை நான் ஏற்கமாட்டேன். ரோடு வந்தால் விலை ஏறுவது அவர்கள் மனைக்கும்தான், இன்னும் சொன்னால் நாளைக்கு விற்கப்போகும் அவர்களுக்குத்தான் அது உடனே காசாகும். எல்லா மனையையும் சேர்க்காவிட்டால் அவர்கள் பங்கையும் உங்கள் பென்ஷனிலிருந்து கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சங்கம் அவர்களைச் சட்டப்படி கட்டாயப்படுத்துவது கஷ்டம், அதனால் மதிப்பீட்டு நகலோடு ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபால் போட்டு, தொலைபேசியிலும் பேசச் சொல்லுங்கள். பங்கை எப்படிப் பிரிப்பது? சாக்கடை டெபாசிட்டை அவரவர் இணைப்புக்கு அவரவர் கட்டிக்கொள்ளலாம். ரோட்டுச் செலவில் பாதியை எல்லா மனைக்கும் சமமாகவும் மீதியை மனையின் அளவுப்படியும் வைத்தால், அரை கிரவுண்டுக்காரரும் இரண்டு கிரவுண்டுக்காரரும் ஒரே தொகை கட்டும் அநியாயம் குறையும்.

ரொக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, பதிவான சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்புங்கள், அங்கிருந்து நகராட்சிக்கு டி.டி. போகட்டும். ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது இதை மேம்பாட்டுச் செலவில் காட்ட முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்க அது தேவைப்படும்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் பங்கு 25,000, 30,000 என்று வந்தால், எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்குங்கள். பெரும்பாலான வங்கிகளில் எஃப்.டி. வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூடுதலாகப் போடுவார்கள். 30,000 வாங்கி மாதம் 3,000 அசலில் கட்டினால் பத்து மாதத்தில் முடிந்துவிடும், 9 சதவீதம் என்றாலும் மொத்த வட்டி 1,250 ரூபாய்க்குள் வரும், 2 லட்சமும் அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போய், "மதிப்பீடு எங்கே, மனு கொடுத்தாச்சா" என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் உங்களிடமே இருக்கட்டும்.