ஹெமிங்வேயின் பள்ளிப் பத்திரிகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிகாகோ பக்கம் குடியிருக்கிறேன். இங்கே ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றபோது தாள்கட்டு ஒன்றை வாங்கினேன். அதில் ஓக் பார்க் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்திய ‘ட்ரபீஸ்’ பத்திரிகையின் 1917 வசந்தகால இதழ் ஒன்று இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே பெயர் போட்ட கட்டுரை உள்ளே இருக்கிறது. அதை மட்டும் வெட்டி, லேமினேட் செய்து, சட்டம் போட்டு மாட்டச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா? அப்புறம், எழுத்தாளரே தன் புத்தகங்களில் சேர்க்காத பள்ளிக்கால எழுத்தைத் தேடிப் படிப்பது சரியா?

கே.

அன்புள்ள கே.,

தயவுசெய்து கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

அந்தக் கட்டுரை எங்கும் தொலைந்துபோகவில்லை. ‘ட்ரபீஸி’லும், அதே பள்ளியின் இலக்கிய இதழான ‘டாபுலா’விலும் ஹெமிங்வே எழுதியவற்றைத் திரட்டி, மேத்யூ புருக்கோலி என்ற ஆய்வாளர் 1971-லேயே புத்தகமாகக் கொண்டுவந்துவிட்டார். நீங்கள் வெட்டி எடுக்கப்போவது நூலகத்தில் கிடைக்கும். வெட்டியபின் குப்பைக்குப் போகிற மிச்சம்தான் கிடைக்காது. பக்கத்துப் பத்தியில் எழுதியது யார், எந்தக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தார், மாணவன் ஹெமிங்வேயின் கட்டுரைக்கு எவ்வளவு இடம் ஒதுக்கினார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. அவனுடைய அக்கா மார்செலினும் அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். இருவரும் 1917-ல் ஒன்றாகவே பள்ளியை முடித்தார்கள். உங்கள் இதழில் அவர் பெயர் இருக்கிறதா? அமெரிக்கா உலகப்போரில் இறங்கியது அந்த ஏப்ரல் 6-ஆம் தேதி. இதழ் அதற்குப் பிந்தியது என்றால், போர் அந்த வகுப்பறைகளுக்குள் எப்படி நுழைந்தது என்று தேடிப் பாருங்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் இத்தாலியப் போர்முனையில் குண்டடிபட்டு விழுந்தவன் இதே பையன். பத்தொன்பது வயது அப்போது நிறையவில்லை.

லேமினேஷனும் வேண்டாம். ஒருமுறை செய்தால் தாளைக் கெடுக்காமல் அதை எடுக்க முடியாது. செலோடேப்பின் பசையும் நாளாவட்டத்தில் ஊறிப் பழுப்பாகிவிடும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், தாளிலேயே அமிலம் ஊறி அப்பளம்போல நொறுங்கும். சுவரில் மாட்டினால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். அமிலமில்லாத அட்டையை அடியில் கொடுத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு, மேற்கொண்டு மடிக்காமல் தட்டையாகப் பெட்டியில் வையுங்கள். பார்க்க ஆசையாக இருந்தால் நல்ல நகல் ஒன்றைச் சட்டம் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி எனக்கு முக்கியமானது. தன் இளமைக்காலத்தைக் கிளறுவது ஹெமிங்வேக்குப் பிடிக்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் சார்லஸ் ஃபென்டன் என்ற ஆய்வாளர் அதில் இறங்கியபோது, நிறுத்தச் சொல்லிக் கடுமையாகவே எழுதினார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இவை டைரிக் குறிப்புகள் அல்ல. பெயர் போட்டு, ஊர் படிப்பதற்காக அவரே அச்சில் கொடுத்தவை. ‘அப்போதே எவ்வளவு மோசம்’ என்று காட்டுவதற்காகப் படிக்காதவரை இதில் தவறில்லை.

படித்தால் கிடைப்பதும் பெரிது. 1916 பிப்ரவரி ‘டாபுலா’வில் ‘மனிட்டூவின் தீர்ப்பு’ என்ற கதை வந்தது. மனிட்டூ என்பது வட அமெரிக்கப் பழங்குடிகள் நம்பும் தெய்வ சக்தி. பனிக்காட்டில் இரண்டு வேட்டைக்காரர்கள். தன் பணப்பையைத் திருடிவிட்டான் என்று நினைத்து ஒருவன் கூட்டாளிக்குச் சுருக்குக்கண்ணி வைக்கிறான். பிறகுதான் தெரிகிறது, எடுத்தது அணில். ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கிறது. இவனும் கரடிப்பொறியில் மாட்டிக்கொள்கிறான். ஓநாய்களுக்கு வேலை வைக்காமல் துப்பாக்கிக்குக் கை நீட்டுவதோடு கதை நிற்கிறது. பதினாறு வயதில் எழுதியது! திருப்பம் சற்று முரட்டுத்தனமானதுதான். ஆனால் அந்த நிறுத்தம் பிற்கால ஹெமிங்வேயுடையது.

‘ட்ரபீஸ்’ கட்டுரைகளில் அவன் ரிங் லார்ட்னரைப் பின்பற்றினான். சிகாகோ ட்ரிப்யூனின் புகழ்பெற்ற பத்தியாளர் அவர். தெருப்பேச்சை அப்படியே எழுத்தில் கொண்டுவந்தவர். ஒரு நீச்சல் போட்டிக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘ரிங் லார்ட்னர் ஜூனியர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டான். 1917 அக்டோபரில் சேர்ந்த கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ்தான் ஹெமிங்வேக்குச் சிறிய வாக்கியங்களைக் கற்றுக்கொடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். பேச்சைக் கேட்கும் காது அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டது என்பதற்கு உங்கள் கையிலிருப்பது போன்ற தாள்கள்தான் சாட்சி.

ஓக் பார்க் உங்களுக்குப் பக்கம்தானே. பள்ளி இன்னும் நடக்கிறது. ஊர்ப் பொது நூலகத்திலும் ஹெமிங்வே சேகரிப்பு உண்டு. இந்த இதழ் அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் ஸ்கேன் எடுத்துக் கொடுங்கள். 1917-ல் வெளியானது என்பதால் அமெரிக்காவில் காப்புரிமைச் சிக்கல் இல்லை. எடுக்கும்போது முதல் பக்கம் முதல் கடைசி விளம்பரம்வரை எடுங்கள், ஓரங்களையும் விடாமல்.