“பூவுல கை வச்சாங்க” என்றால் மராத்தி டீச்சருக்குப் புரியுமா?

பிள்ளைகளைப் பாலியல் தொல்லையிலிருந்து காப்பது பற்றி மும்பை தாராவியில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள். பதில்: தொடக்கப் பள்ளிகளில் உடல்நலமும் பாதுகாப்பும் சொல்லித்தரும் ஆசிரியை.

உறுப்புகளுக்குச் சரியான பேர் சொல்லக் கூச்சமா இருக்கு மேடம். வீட்ல சொல்ற செல்லப் பேரு போதாதா? (இரண்டாம் வகுப்புச் சிறுமியின் அம்மா)

வீட்டுக்குப் போதும். பள்ளியில் ஒரு பிள்ளை “பூவுல கை வச்சாங்க” என்றால், தமிழ் அறியாத ஆசிரியைக்கு அது தோட்டத்துப் பூ. ஆண்குறி, பெண்ணுறுப்பு, ஆசனவாய் என்று, முழங்கை, தொப்புள் சொல்கிற அதே குரலில் குளிப்பாட்டும்போது சொல்லுங்கள். இந்தியிலோ மராத்தியிலோ ஒரு சொல்லும் தெரிந்திருக்கட்டும். கூச்சம் நமக்குத்தான், பிள்ளைக்கு இல்லை.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ நடத்தியாச்சு. இன்னும் என்ன சொல்லணும்? (ஆசிரியர்)

அந்தப் பெயரிலேயே கோளாறு இருக்கிறது சார். கூசிச் சிரிப்பு வந்தால் பிள்ளை அதை ‘நல்ல’தில் சேர்த்துவிடும், ஊசி வலிப்பதால் டாக்டர் ‘கெட்ட’வர் ஆகிவிடுவார். விதியாகச் சொல்லுங்கள்: ஜட்டியும் பனியனும் மூடுகிற இடத்தையும் வாயையும் யாரும் விளையாட்டுக்குத் தொடக்கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. குளிப்பாட்டுவதும், மருந்து போடுவதும், பெற்றோர் பக்கத்தில் இருக்க டாக்டர் பார்ப்பதும் விலக்கு. அதிலும் ரகசியம் கிடையாது.

ரகசியத்துக்கே தனியாகப் பத்து நிமிடம் வேண்டும். பிறந்தநாள் பரிசு நாளைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘யார்கிட்டயும் சொல்லாதே, சாக்லேட் தரேன்’ என்றால் அன்றைக்கே வீட்டில் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மட்டும் வைக்காதீர்கள். பாடம் முடிந்த பிறகுதான் ஏதாவது ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நிற்கும். நீங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள். வார நடுவில், காலையில், 30 நிமிடம் வையுங்கள். இன்னோர் ஆசிரியையும் வகுப்பில் இருக்கட்டும்.

சொந்தக்காரங்களுக்கு முத்தம் குடுக்கலேன்னா மரியாதைக் குறைவு இல்லையாம்மா? (ஒரு பாட்டி)

கும்பிட்டாலே மரியாதைதான் பாட்டி.

பொதுக் கழிப்பறைக்குத் தனியாத்தான் அனுப்ப வேண்டியிருக்கு.

இரண்டு பேராகப் போகட்டும். ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவுக்கு வெளியே. உடைந்த தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டாம். இருட்டிய பிறகு பெரியவர் துணை கட்டாயம்.

பிள்ளை வந்து சொல்லிட்டா முதல்ல என்ன செய்யணும்?

முகம் மாறாமல் கேளுங்கள். “சொன்னது நல்லது. நான் நம்புறேன். உன்மேல தப்பில்ல.” அதற்குப் பிறகு “அப்புறம்?” மட்டும். “அந்த மாமா இங்க தொட்டாரா?” என்று நீங்களே பெயரும் இடமும் எடுத்துக்கொடுத்தால், பின்னால் வாக்குமூலத்தைச் சந்தேகிக்க இடம் கொடுத்தவர் நீங்களாவீர்கள். பிள்ளையின் சொற்களை அப்படியே, தேதி, நேரத்துடன் எழுதிவையுங்கள். மூன்று பேர் மாற்றி மாற்றி விசாரிக்க வேண்டாம்.

சமீபத்தில் நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், உடையைத் துவைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழற்றிய உடையைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் நின்று தடயம் கெடும். எஃப்ஐஆர் பதியாவிட்டாலும் பரிசோதிக்கலாம். முதலுதவியும் சிகிச்சையும் தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பள்ளிப் பேர் கெட்டுடும்னு தலைமையாசிரியர் மூடி மறைக்கச் சொன்னா?

போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, குற்றம் நடந்தது தெரிந்த யாரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் தன் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. அவருக்காகக் காத்திருக்காமல் நீங்களே தெரிவிக்கலாம். பாதிக்கப்பட்டது பையன் என்றாலும் இதே சட்டம்தான். போலீஸ் சீருடையில்லாமல் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம்; பிள்ளையை ஸ்டேஷனில் இரவு தங்கவைக்கக்கூடாது.