‘ஐ ஆம் இம்பாசிபிள் டு கம்’ ஏன் தவறு?

விடுப்புக் கடிதத்தில் ‘நாளை வர முடியாது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் இம்பாசிபிள் டு கம் டுமாரோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல். இம்பாசிபிள் என்பது செயலைப் பற்றிய சொல், செய்பவரைப் பற்றியதல்ல. ‘இட் இஸ் இம்பாசிபிள் ஃபார் மீ டு கம்’ என்பதே சரி. வெறும் ‘ஐ ஆம் இம்பாசிபிள்’ என்றால், ‘என்னோடு மாரடிக்க முடியாது’ என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்!

ஆனால் ‘ஹி இஸ் இம்பாசிபிள் டு கன்வின்ஸ்’ சரியான வாக்கியம். அங்கே ‘அவர்’ செய்பவரல்ல. அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் நடக்காத காரியம்.

இன்னொன்று, ‘வெரி இம்பாசிபிள்’ வேண்டாம்; ‘ஆல்மோஸ்ட்’ அல்லது ‘அப்சல்யூட்லி’ சேருங்கள். நம் ‘முடியாது’ மறுப்புக்கும் இயலாமைக்கும் பொது. இம்பாசிபிள் அப்படியல்ல, வழியே இல்லை என்று அடித்துச் சொல்வது. விடுப்புக் கடிதத்துக்கு ‘ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்’ போதும்.