பேஸ் (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுருதி) வாசிப்பவர் விலகிவிட்டார். மிச்சம் இரண்டே பேர். இதை வைத்து ராக் ஆல்பம் போட முடியுமா?

முடியும். நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், ஒத்திகை அறையில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வேறு ஆளைத் தேடலாமா கலைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளப் பதில்.

முதலில் 1968-இல் வந்த, சில்வர் ஆப்பிள்ஸ் என்ற இரண்டு பேர் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். நியூயார்க்கில் ஒரு ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்த சிமியோன், மேடைக்கு ஒரு பழைய ஆசிலேட்டரை (மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவி) தூக்கிவந்து ஊளையிட வைத்தார். கூட வாசித்தவர்களுக்குப் பொறுக்கவில்லை, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது டிரம்ஸ் வாசித்த டேனி டெய்லர் மட்டும். சிமியோன் கீபோர்டு படித்தவர் இல்லை. ஒன்பது ஆசிலேட்டர், 86 கட்டுப்பாட்டு விசை என்று தானே ஒன்றைப் பூட்டி, கை, முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் வாசித்தார். பேஸ் காலால்! உங்களிடம் இல்லாமல் போன அதே பேஸ்தான். அந்த ஆல்பத்தில் ‘புரோகிராம்’ என்று ஒரு பாட்டு, நடுநடுவே ரேடியோ ஒலிபரப்பு புகுந்து புகுந்து போகும். அன்றைக்குப் பெரிதாக விற்கவில்லை, 90-களில்தான் ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் ராக்கே இல்லை, எலெக்ட்ரானிக் என்று ஒருவர் வருவார். 1977-இல் வந்த சூயிசைட் குழுவின் ஆல்பத்தை ஏன் சொல்லவில்லை என்று இன்னொருவர் வருவார். அதுவும் இரண்டு பேர்தான், அதுவும் பிரமாதம், தயவுசெய்து கருத்துப் பெட்டியில் சண்டை வேண்டாம். சிமியோனோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளவும் இல்லை.

எங்கள் கதை இது. பேஸ் வாசித்தவர் போன பிறகு நானும் டிரம்ஸ் நண்பனும் வீட்டிலேயே பதிவு செய்தோம். ஆம்ப்ளிஃபையரில் ஓயாத ஹம் சத்தம், எர்த்திங் சரியில்லை. கேபிள் மாற்றினோம், பிளக் மாற்றினோம், போகவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி நண்பன் எரிச்சலில், “போகலைன்னா அதோட சுருதிக்கே கிட்டாரை ஏத்துடா” என்றான். டியூனரை (சுருதி காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் முள் ஜி ஸ்வரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வலப்பக்கம் நின்றது. ஹம்முக்குக் காரணமான மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு), ஜி 49, அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு தந்தியையும் அந்தக் கொஞ்சத்துக்கு ஏற்றிவிட்டு ஒரே ஒரு தந்தியைத் தட்டினேன். அறையே சேர்ந்து பாடியது. எங்களுக்கு பேஸ் கிடைத்துவிட்டது.

ஆறு பாட்டு. மிக்ஸிங்குக்கு (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்ய) ஒருவரிடம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்: “சத்தம் நிறைய இருந்துச்சு, மொத்தமா எடுத்துட்டேன். அதுக்குத் தனியா காசு வேண்டாம்.” போட்டுக் கேட்டால், துணையில்லாத கிட்டார் எதனோடோ சுருதி விலகி நிற்கிறது. அவரிடம் மூலக் கோப்பு இல்லை. நண்பனின் பழைய மடிக்கணினியில் நான்கு பாட்டு மட்டும் இருந்தது. மீதி இரண்டைத் திரும்பப் பதிவு செய்யலாம் என்று போனால், அதற்குள் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்திங்கைச் சரிசெய்துவிட்டார்! போன் செயலியில் 50 ஹெர்ட்ஸ் வைத்துப் பார்த்தோம், உயிரே இல்லை. நிஜ ஹம்மில் 100, 150 என்று மேலே வரிசையாக இருக்கும், அதுதான் அந்த உறுமல்.

ஆக, ஆல்பம் நான்கு பாட்டோடு, 19 நிமிடத்தில் வந்தது. இது ஆல்பமே இல்லை, இ.பி. (குட்டி ஆல்பம்) என்பார்கள். இருக்கட்டும்.

இதைக் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு பேர் என்றதும் பாதிப் பணம்தான் என்று ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கையை விரித்தார். நாங்கள் தூக்கிப்போவது நான்கு பேர் சாமான், இறக்க ஆள் இரண்டு. பேசின தொகையை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சவுண்ட் பார்க்கிறவர் “மத்தவங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டால் கோபப்படாதீர்கள், எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

அப்புறம், மிக்ஸிங்குக்குக் கொடுக்குமுன் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சத்தம் வேண்டுமென்றே வைத்தது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் இப்போது ‘ஹம் எடுக்காதீர்கள்’ என்றுதான் பெயர் வைக்கிறோம். அப்படியும் போன மாதம் ஒருவர் போன் செய்து, “இந்த ஹம் இருக்கட்டுமா, எடுத்துடவா?” என்று கேட்டார்.