ஆறு வருட வேலையை எப்படி நினைவுபடுத்துவது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் ஆறு வருடமாக பிசினஸ் அனலிஸ்ட்டாக இருக்கிறேன்; கிளையன்ட்டுக்கு என்ன தேவை என்று கேட்டு டெவலப்மென்ட் டீமுக்குச் சொல்லும் வேலை. பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான சிபிஏபி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால், எந்த ப்ராஜெக்டில் என்ன செய்தேன், எத்தனை மணி நேரம் செய்தேன் என்று எழுத வரவில்லை. அப்ரைசல் நேரத்திலும் இதே திண்டாட்டம்தான். வேலைக் குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். தொடங்குவேன், சில நாளில் நின்றுவிடும். எல்லாம்தான் டீமின் வேலைகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் இருக்கிறதே, தனியாக எதற்கு?
– ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: ஜிராவில் ஒரு ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு வசதியைச் சொல்லும் பதிவு) எப்போது திறந்தது, எந்த ஸ்பிரிண்டுக்கு (டீமின் குறுகிய வேலைச் சுற்று) போனது, எப்போது மூடப்பட்டது என்பதெல்லாம் இருக்கும். அந்த ஸ்டோரி உருவாவதற்கு முன்னால் நீங்கள் யார் யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள், அவர்கள் கேட்டதில் எதை விலக்கினீர்கள், ஏன் விலக்கினீர்கள் என்பது பெரும்பாலும் அங்கே இருக்காது. உங்கள் உழைப்பில் பெரும்பகுதி போவதே அந்தப் பேச்சில்தான். அதனால் தனியாக எழுதத்தான் வேண்டும்.

குறிப்பேடு நின்றுபோவதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. அன்று நடந்த எல்லா மீட்டிங்கையும் எழுத முயன்றிருப்பீர்கள். அது யாருக்கும் முடியாது, தேவையும் இல்லை. என்ன முடிவு எடுத்தோம், ஏன் எடுத்தோம், யார் சம்மதித்தார், அதில் என் பங்கு என்ன, எத்தனை மணி நேரம் போனது. இவை மட்டும் போதும். ஒரு வங்கியின் கடன் விண்ணப்ப ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பதிவு இப்படி இருக்கலாம்:

“கிளைப் பணியாளர்கள் இருவரோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். ஆவணத்தைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தை எங்கும் பதிவதில்லை, போனில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குத் தனி இடம் வேண்டும் என்றேன். டெவலப்மென்ட் டீம் அடுத்த ரிலீசுக்குத் தள்ளச் சொன்னது. இப்போதே செய்தால் பழைய விண்ணப்பங்களையும் மாற்ற வேண்டிவரும். கிளையன்ட் பக்கத்து மேலாளர் ஒப்புக்கொண்டார். மாலையில் ப்ராசஸ் படத்தைத் திருத்தினேன், இரண்டு மணி நேரம்.”

எழுதப் பத்து நிமிடம் ஆகாது. நான்கு மாதம் கழித்து யூஏடியில், அதாவது பயனர்களே சோதித்துப் பார்க்கும் கட்டத்தில், யாராவது, “காரணம் போட ஏன் இடமே இல்லை, இதை யார் விட்டது?” என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். அப்போது உங்களிடம் தேதியும் காரணமும் இருக்கும். அப்ரைசலில் சொல்வதற்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது.

சரி, சான்றிதழுக்கு வருவோம். அதை வழங்கும் ஐஐபிஏ அமைப்பு சிபிஏபிக்குக் கேட்பது, கடந்த 10 ஆண்டுகளுக்குள் 7,500 மணி நேர பிசினஸ் அனாலிசிஸ் அனுபவம். அவர்களுடைய பபோக் கையேடு இந்த வேலையை ஆறு பகுதிகளாகப் பிரிக்கிறது. அவற்றில் நான்கிலாவது தலா 900 மணி நேரம் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் என்று வைத்தால் 7,500 சேர ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆறு வருடம் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியடைய முடியாததற்குக் காரணம், நம் ஊர் நிறுவனங்களில் பிசினஸ் அனலிஸ்ட்டின் தலையில் டெஸ்டிங்கையும் ப்ராஜெக்ட் ஒருங்கிணைப்பையும் சேர்த்தே கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் மணி நேரத்துக்கு மட்டும் ஒரு எக்செல் தாள் வையுங்கள்: தேதி, ப்ராஜெக்ட், பபோக்கின் எந்தப் பகுதி, எத்தனை மணி. டெஸ்டிங்குக்குத் தனி வரிசை. வெள்ளிக்கிழமை மாலை லேப்டாப்பை மூடும் முன் அந்த வாரத்தை நிரப்பிவிட்டால் போதும். ஆனால் முடிவுகளை மட்டும் அன்றன்றே எழுதுங்கள், காரணங்கள்தான் முதலில் மறந்துபோகும்.

கடந்துபோன ஆறு வருடத்துக்கு என்ன செய்வது? மணிக்கணக்கைப் பழைய டைம்ஷீட்களிலிருந்து எடுங்கள். அவுட்லுக் காலண்டரில் ஒர்க்ஷாப் அழைப்புகளைத் தேடினால், யாரிடம் எப்போது தேவைகளைச் சேகரித்தீர்கள் என்று தெரியும். நீங்கள் அனுப்பிய சைன்-ஆஃப் (ஒப்புதல்) மெயில்கள், ஒவ்வொரு வருடமும் அப்ரைசலுக்கு எழுதிக்கொடுத்த சுயமதிப்பீடு எல்லாமே உதவும். சந்தேகம் வருகிற இடத்தில் குறைத்தே போடுங்கள். விண்ணப்பத்தை ஐஐபிஏ தணிக்கைக்கு எடுக்கக்கூடும், பழைய மேலாளரிடம் கேட்டால் அவரும் அதே கணக்கைச் சொல்ல வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்து 7,500 வரவில்லையென்றால் கவலைப்படாதீர்கள், கடந்த 7 ஆண்டுகளில் 3,750 மணி நேரம் கேட்கும் சிசிபிஏ என்ற ஒரு படி கீழான சான்றிதழும் அவர்களிடம் இருக்கிறது. அதற்கும் பகுதிவாரியாகக் குறைந்தபட்ச மணிக்கணக்கு உண்டு, விண்ணப்பிக்கும் முன் அவர்கள் இணையதளத்தில் அப்போதைய விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கிளையன்ட்டின் தகவல் எதுவும் உங்கள் சொந்த போனுக்கோ சொந்த மெயிலுக்கோ போகக் கூடாது. வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம், ஸ்கிரீன்ஷாட் எதுவும் வேண்டாம். முடிவுகளும் காரணங்களும் உள்ள குறிப்பேடு அலுவலக லேப்டாப்பிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப்போவது உங்கள் மணிக்கணக்கும் நீங்கள் செய்த வேலையின் வகையும் மட்டும்தான், அதிலும் “தனியார் வங்கி, கடன் பிரிவு” என்பதற்கு மேல் எழுதாதீர்கள். அதையும் ஒருமுறை மேலாளரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். வேலை மாறும் நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள், அப்போது கையில் இருக்கப்போவது அந்த எக்செல் தாள்தான்.

அப்புறம், விண்ணப்பத்துக்கு உங்கள் வேலையை அறிந்த இருவரின் பரிந்துரையும் வேண்டும். முதல் ப்ராஜெக்டில் உங்களுக்கு மேலாளராக இருந்தவரோடு இன்னும் தொடர்பு இருந்தால் இந்த வாரமே பேசுங்கள். நீங்கள் மறந்துவிட்ட சில வேலைகள் அவருக்கு நினைவிருக்கும்.